பிரசவம் பார்க்குற சிஸ்டருக்கு மேல போக படி இருக்கா? கிராமத்துத் தாய் சேய் நல வேலையில வாய்ப்பும் தலைமையும்

நம்ம ஊர்ல ஜி.என்.எம் (நர்ஸிங், மிட்வைஃபரி டிப்ளமோ) இல்ல பி.எஸ்சி நர்ஸிங் முடிச்ச ஒரு பொண்ணு நர்ஸ் கவுன்சில்ல போய் பதிவு பண்ணா பேருக்குப் பின்னாடி பொதுவா ரெண்டு பட்டம் சேர்ந்தே வரும், ஆர்.என், ஆர்.எம்னு. ஒண்ணு நர்ஸ், இன்னொண்ணு மிட்வைஃப், அதாவது பிரசவம் பார்க்கப் படிச்சவங்க. அப்படிப் பார்த்தா இந்தியாவுல மிட்வைஃப்களுக்குப் பஞ்சமே இல்லன்னு தோணும். ஆனா பிரசவம் பார்க்குறது மட்டுமே என் வேலை, அதுக்குன்னே எனக்குத் தனி போஸ்ட், தனி சீனியாரிட்டி, தனி ப்ரமோஷன் இருக்குன்னு சொல்லக்கூடியவங்களத் தேடினா ரொம்பக் கொஞ்சம் பேர்தான் கிடைப்பாங்க. 12வது முடிச்ச பொண்ணுங்களும் அவங்க வீட்டுக்காரங்களும் கேக்குற "இதுல எதிர்காலம் இருக்கா"ங்குற கேள்விக்கும் சரி, பத்து வருஷமா லேபர் வார்டுல நிக்குற சிஸ்டர் கேக்குற "அடுத்து என்ன"ங்குற கேள்விக்கும் சரி, பதில் இந்த இடத்துலதான் சிக்கிக்கிட்டு இருக்கு.

கொஞ்சம் பழைய கதை தெரிஞ்சா இன்னைக்கு நிலைமை புரியும். ரொம்ப காலமா கிராமத்துல பிரசவம் பார்த்தது மருத்துவச்சிங்கதான், பல ஊர்ல அவங்க முடிதிருத்துற சமூகத்துப் பொண்ணுங்க. ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வருவாங்க, உயிரைக் காப்பாத்திக் கொடுப்பாங்க, ஆனா கூலியா கிடைச்சது நெல்லும் பழைய சேலையும், திண்ணைக்கு மேல உள்ள வர விடுறது பிரசவத்தன்னைக்கு மட்டும்தான். பிரசவம்னா தீட்டு, தீட்டைத் தொடுற வேலை கீழ்வேலைன்னு ஒரு நினைப்பு. இந்த நினைப்பு பேரு மாறி இன்னும் இருக்குன்னுதான் நான் நம்புறேன், லேபர் வார்டு டியூட்டிய தண்டனை டியூட்டியா பார்க்குற ஆஸ்பத்திரிங்க இப்பவும் உண்டு. இன்னொரு பக்கம் மெட்ராஸ்ல 1844லயே பிரசவத்துக்குன்னு ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாச்சு, இன்னைக்கு எழும்பூர்ல இருக்குற தாய் சேய் நல மருத்துவமனை அதோட தொடர்ச்சிதான். மெட்ராஸ் நர்ஸ் மற்றும் மிட்வைஃப் சட்டம் 1926ல வந்துச்சு, பதிவு, கவுன்சில் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். ஆக படிச்ச மிட்வைஃப் பட்டணத்துல உருவானாங்க, கிராமம் மருத்துவச்சி கையிலயே ரொம்ப காலம் இருந்துச்சு.

அந்த ரெண்டையும் சேர்த்துவச்சது வி.எச்.என், அதாவது கிராம சுகாதார செவிலியர். சமவெளியில 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில 3000 பேருக்கு ஒண்ணுங்குறது கணக்கு. தமிழ்நாட்டுல இப்படி 8713 துணை சுகாதார நிலையம் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வி.எச்.என் இடம். ஊருக்குள்ள ஒரு பொண்ணுக்கு நாள் தள்ளிப் போச்சுன்னா மாமியாருக்கு அடுத்து தெரிஞ்சுக்குறது பெரும்பாலும் இவங்கதான். பிக்மில (கர்ப்பிணிகளப் பதிவு பண்ற அரசு இணையதளம்) பதிவு பண்ணி ஆர்.சி.எச் நம்பர் (கர்ப்பிணிக்கான அடையாள எண்) வாங்குறதுலருந்து, செவ்வாய்க்கிழமை பி.எச்.சி (ஆரம்ப சுகாதார நிலையம்) கர்ப்பிணிகளுக்கான ஏ.என் கிளினிக்குக்கு அனுப்புறது, ரத்தம் கம்மியா இருந்தா மாத்திரை சாப்பிடுறாளான்னு வீட்டுல போய் எண்ணிப் பார்க்குறது, பி.பி ஏறுனா உடனே ரெஃபர் பண்றது, புதன்கிழமை தடுப்பூசி, டெலிவரி ஆகி வந்தப்புறம் வீடு தேடிப் போறது, குடும்பக் கட்டுப்பாடு, அதுக்கு மேல முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவிக்கான பேப்பர் வேலை. அந்தத் திட்டம் 1987ல 300 ரூபாய்ல ஆரம்பிச்சு 2006ல 6000, 2011ல 12000, 2018ல 18000னு வளர்ந்துச்சு, ஒவ்வொரு தடவை தொகை ஏறுனப்பவும் வி.எச்.என் மேசையில பதிவேடும் கூடிச்சு.

மத்த மாநிலங்கள்ல ஆஷா (அந்தந்த ஊர்ப் பொண்ணையே போடுற சுகாதாரத் தன்னார்வலர்) செய்யுற வீட்டு விசிட்டுல பெரும்பகுதி நம்ம ஊர்ல இவங்க தலையிலதான் விழுது, ஏன்னா தமிழ்நாட்டுல ஆஷாங்க பெரும்பாலும் மலைப்பகுதி, பழங்குடிப் பகுதியிலதான் இருக்காங்க. இத்தனையும் செஞ்சதோட பலன் கண்ணுக்குத் தெரியுது. 2018-20 எஸ்.ஆர்.எஸ் (மத்திய அரசோட மாதிரிப் பதிவு) கணக்குப்படி இந்தியாவுல ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 97 தாய்மார் இறந்தாங்க, தமிழ்நாட்டுல 54. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 99.6 சதவீதம் பிரசவம் ஆஸ்பத்திரியில நடந்ததா வந்துச்சு. டாக்டர்ங்களுக்கும், பி.எச்.சிக்கு மூணு ஸ்டாஃப் நர்ஸ் போட்டு 24 மணி நேரமும் டெலிவரி பார்க்க வெச்ச முடிவுக்கும், 108க்கும் இதுல பங்கு இருக்கு, ஆனா அந்தப் பொண்ணை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்தது யாருன்னு கேட்டா வி.எச்.என்தான்.

சரி, இந்த வேலைக்குள்ள எப்படி வர்றது. 12வதுக்கு அப்புறம் ரெண்டு வருஷ ஏ.என்.எம் (துணை செவிலியர்) படிப்பு, இது வி.எச்.என் வேலைக்கான வழி. ஜி.என்.எம் மூணு வருஷம், பி.எஸ்சி நர்ஸிங் நாலு வருஷம், இது ரெண்டும் ஸ்டாஃப் நர்ஸ் ஆகுறதுக்கு. அரசு வேலைக்கு எம்.ஆர்.பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலமா எடுப்பாங்க, 2023 கடைசியில 2250 வி.எச்.என் இடத்துக்கு அறிவிப்பு வந்துச்சு, சம்பள விகிதம் 19,500லருந்து 62,000 வரைக்கும்னு போட்டிருந்தாங்க. கிராமத்துல பொண்ணா பொறந்து, ஊரை விட்டுப் போகாம, நிரந்தர வேலையும் மரியாதையும் கிடைக்குற இடம்னு பார்த்தா ஆசிரியர் வேலைக்கு அடுத்து இதைத்தான் சொல்லணும். இந்த வேலைக்கு வந்த எத்தனையோ பேர் அவங்க குடும்பத்துலயே மாசச் சம்பளம் வாங்குன முதல் பொண்ணு, அதை நான் சின்ன விஷயமா நினைக்கல.

பிரச்சனை உள்ள வந்ததுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. வி.எச்.என்னுக்கு அடுத்த படி எஸ்.எச்.என், பகுதி சுகாதார செவிலியர், அஞ்சாறு துணை சுகாதார நிலையத்த மேற்பார்வை பண்றவங்க. அதுக்கு மேல வட்டார அளவுல சி.எச்.என், சமுதாய சுகாதார செவிலியர். மாவட்டத்துல தாய் சேய் நல அலுவலர். பேரைக் கேட்டா நல்ல ஏணி மாதிரிதான் இருக்கு, ஆனா ரொம்பக் குறுகலானது, ஆயிரக்கணக்கான வி.எச்.என்னுல மாவட்ட நாற்காலி வரைக்கும் போறவங்க சொற்பம், பல பேர் ஒரே ஒரு ப்ரமோஷனோட ரிட்டயர் ஆகுறாங்க. அதை விட எனக்கு உறுத்துறது வேற. ஒவ்வொரு படி ஏறும்போதும் கர்ப்பிணியோட வயித்துல கை வெச்சுப் பார்க்குற வேலை குறைஞ்சு, அடுத்தவங்க எழுதுன ரெஜிஸ்டர சரிபார்க்குற வேலை கூடுது. ரிவ்யூ மீட்டிங்ல என்ட்ரி ஏன் நிலுவையில இருக்குன்னு கேக்குறதுதான் மேற்பார்வைன்னு ஆயிடுச்சு. இருபது வருஷம் பிரசவத்தையும் கர்ப்பிணிகளையும் பார்த்துப் பார்த்து வந்த கைப்பக்குவம், ஒரு பொண்ணு நடந்து வர்றத வெச்சே இவளுக்கு ஏதோ சரியில்லன்னு கண்டுபிடிக்குற அந்தக் கண்ணு, அதுக்கு இந்த ஏணியில எங்கயும் மதிப்பெண் கிடையாது.

ஸ்டாஃப் நர்ஸ் பக்கம் வேற விதமான சிக்கல். லேபர் வார்டுல மூணு வருஷம் நின்னு நல்லா கத்துக்கிட்ட சிஸ்டர நாலாவது வருஷம் டயாலிசிஸ்க்கோ ஐ.சி.யூவுக்கோ மாத்திருவாங்க, அவங்க இடத்துக்கு வர்றவங்க காலேஜ்ல மாடல் பொம்மையில பார்த்ததோட சரி. ஆர்.என் ஆர்.எம் ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்குறதால நிர்வாகத்துக்கு யாரை வேணா எங்க வேணா போடலாம், அது அவங்களுக்கு வசதி. நஷ்டம் யாருக்குன்னா வலியில படுத்திருக்குற பொண்ணுக்கு. கிராமத்து பி.எச்.சில இது இன்னும் மோசம், ஏன்னா கொஞ்ச வருஷமா ஜனங்க பி.எச்.சிய தாண்டி நேரா ஜி.எச்சுக்கும் மெடிக்கல் காலேஜுக்கும் போறாங்க, பி.எச்.சில டெலிவரி குறையக் குறைய அங்க இருக்குற சிஸ்டருக்குப் பழக்கம் விட்டுப் போகுது, பழக்கம் விட்டதால பயம், பயத்துல முதல் வலியிலயே ரெஃபர், ரெஃபர் ஆனதால இன்னும் டெலிவரி குறைவு. இந்தச் சுழல்ல அவங்க மேல குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்டர் இல்லாத இடத்துல தனியா முடிவெடுன்னு சொல்லிட்டு, தப்பாப் போனா மெமோ கொடுக்குற அமைப்புல யாரா இருந்தாலும் ரெஃபர்தான் பண்ணுவாங்க.

இந்த இடத்துலதான் 2018 டிசம்பர்ல மத்திய அரசு கொண்டுவந்த மிட்வைஃபரி வழிகாட்டுதல் முக்கியமாகுது. அதுல நர்ஸ் ப்ராக்டிஷனர் இன் மிட்வைஃபரின்னு ஒரு புதுப் பதவி, சுருக்கமா என்.பி.எம். ஏற்கனவே ஜி.என்.எம் இல்ல பி.எஸ்சி முடிச்சு பிரசவம் பார்த்த அனுபவம் இருக்குற நர்ஸுக்கு 18 மாசப் பயிற்சி, சர்வதேச மிட்வைஃப் கூட்டமைப்பு வெச்சிருக்குற தரத்துக்கு. முடிச்சவங்க மிட்வைஃப் தலைமையில நடக்குற பிரசவப் பிரிவுல வேலை பார்ப்பாங்க, சிக்கல் இல்லாத கர்ப்பிணிய ஆரம்பத்துலருந்து டெலிவரி வரைக்கும் அவங்களே பார்ப்பாங்க, சிக்கல் தெரிஞ்சா பக்கத்துலயே இருக்குற டாக்டர்கிட்ட ஒப்படைப்பாங்க. அந்தப் பிரிவுல பொண்ணு மல்லாக்கப் படுத்தே ஆகணும்னு இல்ல, உக்காரலாம், நடக்கலாம், முட்டி போடலாம், கூட அம்மாவோ வீட்டுக்காரரோ இருக்கலாம், தேவையில்லாம கிழிச்சுத் தையல் போடக்கூடாது, வயித்தப் பிடிச்சு அமுக்கக் கூடாது, திட்டக் கூடாது. கூட ஒரு பொம்பள ஆளை விடலாம்னு தமிழ்நாடு 2004லயே உத்தரவு போட்டிருக்கு, ஆனா உத்தரவு இருக்குறதும் வார்டுல நடக்குறதும் வேற வேற, அதை வார்டுக்குள்ள நடத்திக் காட்ட அதிகாரம் இருக்குற ஒரு ஆள் வேணும்.

வழிகாட்டுதல் வர்றதுக்கு முன்னாடியே இதை செஞ்சு பார்த்த மாநிலம் தெலங்கானா. அங்க அரசாங்கம், யுனிசெஃப், ஹைதராபாத் ஃபெர்னாண்டஸ் ஃபவுண்டேஷன் மூணும் சேர்ந்து 2017ல அரசு நர்ஸ்களுக்கு மிட்வைஃபரி பயிற்சிய ஆரம்பிச்சாங்க, கரீம்நகர் அரசு ஆஸ்பத்திரிதான் களம். மகப்பேறு டாக்டர் எவிட்டா ஃபெர்னாண்டஸ் அதுக்கு முன்னாடியே தன்னோட ஆஸ்பத்திரியில பல வருஷமா இதைப் பண்ணிட்டு இருந்தவங்க. ஏன் தெலங்கானான்னா அங்க சிசேரியன் அந்தளவுக்குப் போயிருச்சு, 2019-21 ஆய்வுல 60.7 சதவீதம், அதாவது பத்துல ஆறு. இந்தியா சராசரி 21.5, நம்ம தமிழ்நாடு 44.9. இந்த நம்பர நம்ம ஆளுங்க கொஞ்சம் நிதானமா பார்க்கணும், ஏன்னா தாய் இறப்பக் குறைச்சதுல நாம பெருமைப்படுற அதே காலத்துலதான் கிட்டத்தட்ட பாதி பேருக்கு வயித்த அறுத்துப் பிள்ளை எடுக்குற நிலைமைக்கும் வந்திருக்கோம். அவசரத்துக்கு சிசேரியன் உயிர் காக்கும், அதுல சந்தேகமே இல்ல, ஆனா நாலு மணி நேரம் பொறுமையா பக்கத்துல உக்கார ஆள் இல்லாததால நடக்குற சிசேரியன் எத்தனையோ இருக்கு. பக்கத்துல உக்காந்து பொறுமையா பார்க்குறதே தொழிலா இருக்குற ஒருத்தர் வந்தாத்தான் அது மாறும், என்.பி.எம்முக்கு வேலைவாய்ப்பு இருக்குன்னு நான் நம்புறதுக்குப் பெரிய காரணம் இதுதான்.

ஆனா கிராமம்னு பார்த்தா ஒரு கேள்வி நிக்குது. வழிகாட்டுதல் படி இந்தப் பிரிவெல்லாம் டெலிவரி அதிகமா நடக்குற, ஆபரேஷன் வசதியும் இருக்குற பெரிய ஆஸ்பத்திரியிலதான் முதல்ல வரும். பாதுகாப்பு கருதி அது நியாயம்தான். அப்ப கிராமத்துல மிட்வைஃபுக்கு என்ன வேலை மிச்சம்? நிறைய இருக்குன்னு சொல்லுவேன். பிரசவம் நடக்குறது சில மணி நேரம், மீதி ஒன்பது மாசமும் அப்புறம் ஆறு வாரமும் அவ வீட்டுலதான் இருக்கா. முதல் சில நாள்ல பால் கட்டுறது, காய்ச்சல் வர்றது, ரத்தப்போக்கு, டெலிவரிக்கு அப்புறமும் ஏறுற பி.பி, யார்கிட்டயும் சொல்லாம அழுதுட்டே இருக்குற மனசு, இதெல்லாம் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் பண்ணதுக்கு அப்புறம் நடக்குறது. இதை விசிட் எண்ணிக்கையா மட்டும் பார்க்காம, மிட்வைஃப் படிப்பு படிச்ச ஒருத்தர் வட்டாரத்துக்கு ஒருத்தர்னு இருந்து வி.எச்.என்களுக்குப் பக்கபலமா நின்னா, ஹை ரிஸ்க் மதர நேர்ல போய்ப் பார்த்தா, அதுதான் கிராமத்து மிட்வைஃபரி.

இலங்கைய இங்க சொல்லியே ஆகணும். களுத்துறையில 1926ல முதல் சுகாதாரப் பிரிவு ஆரம்பிச்சதுலருந்து அவங்க பிடிச்ச பிடி ஒண்ணுதான், ஒவ்வொரு சின்னப் பகுதிக்கும் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவமாது, இன்னைக்கு சுமார் 3000 பேருக்கு ஒருத்தர்ங்குறது அவங்க அளவு. அங்க குடும்பநல உத்தியோகத்தர்னும் சொல்றாங்க. 18 மாசப் பயிற்சி, கல்யாணம் ஆன உடனேயே குடும்பத்தப் பதிவு பண்றது, கர்ப்பம் தரிச்சா வீட்டுக்கே வர்றது, பிள்ளை பொறந்ததும் திரும்ப வீட்டுக்கு வர்றது. யாழ்ப்பாணத்துலயும் மட்டக்களப்புலயும் வன்னியிலயும் சண்டை நடந்த காலத்துலயும் இந்த அமைப்பு முழுசா உடைஞ்சு போகலன்னா அதுக்கு அந்தந்த ஊர்லயே இருந்த இந்தப் பொண்ணுங்கதான் காரணம். அங்கயும் மேற்பார்வை மருத்துவமாதுங்குற படி இருக்கு, பொதுச் சுகாதார தாதிய சகோதரி வேற படியா இருக்காங்க, ஏணி அங்கயும் நீளம் கிடையாது, ஆள் பற்றாக்குறையும் உண்டு. ஆனா தொழில் அடையாளம் தெளிவு, அவங்க மிட்வைஃப், அவ்வளவுதான், நாளைக்கு வேற வார்டுக்கு மாத்த முடியாது. நம்ம ஆளுங்க சம்பள விகிதத்த ஒப்பிட்டுப் பேசுறதுக்கு முன்னாடி இந்தத் தெளிவத்தான் ஒப்பிடணும்.

வங்கதேசமும் இந்தப் பத்து பன்னிரண்டு வருஷத்துல தனி வழி போட்டுருச்சு, நர்ஸ் ஆகாமலே நேரடியா மூணு வருஷ மிட்வைஃபரி டிப்ளமோ, அதுக்குன்னு அரசுல 3000 தனிப் போஸ்ட், உபஜில்லா (நம்ம வட்டம் மாதிரி) ஆஸ்பத்திரிகள்ல வேலை.

தலைமைன்னு பேசும்போது ரெண்டு இடத்த நான் எப்பவும் சொல்லுவேன். ஒண்ணு தர்மபுரி மாவட்டத்துல சிட்டிலிங்கி. 1993ல டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்க போய் பழங்குடி சுகாதார முனைப்ப ஆரம்பிச்சப்ப ஆயிரம் குழந்தைக்கு 147 பேர் ஒரு வயசுக்குள்ள இறந்துட்டு இருந்தாங்க, அப்புறம் அது இருபதுகளுக்கு வந்துச்சு. வெளியூர் நர்ஸ் யாரும் அந்தப் பள்ளத்தாக்குல தங்கமாட்டாங்கன்னு அந்த ஊர்ப் பொண்ணுங்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்தாங்க, பிரசவம் பார்க்கவும், பச்சப்பிள்ளையப் பார்க்கவும், ஆஸ்பத்திரிய நடத்தவும். இன்னொண்ணு நீலகிரியில கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை, 1990ல ஆரம்பிச்ச அஸ்வினி அமைப்போடது, பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர்னு அந்தந்த சமூகத்துப் பொண்ணுங்களையே நர்ஸாக்கி, நிர்வாகத்துலயும் உக்கார வெச்சாங்க. ஒரு பணியர் பொண்ணு வலியோட வந்தா அவ மொழியிலயே பேசுற நர்ஸ் அங்க இருப்பா. பயத்துல ஆஸ்பத்திரிய விட்டு ஓடிப்போன காலம் போனதுக்கு அதுதான் காரணம். மலைப்பகுதி பி.எச்.சிகள்ல அரசு ஏற்படுத்தியிருக்குற பிரசவக் காத்திருப்பு அறைகள் நல்ல திட்டம், நாள் நெருங்குனதும் கீழ இறங்கி வந்து தங்கிக்கலாம். ஆனா அங்க பொறுப்புல இருக்குற ஆள் அந்த மலைக்காரப் பொண்ணா இருந்தாத்தான் வீட்டுல வயசானவங்க அனுப்பி வைப்பாங்க. தலைமைங்குறத நான் முதல்ல இந்த அர்த்தத்துலதான் எடுத்துக்குறேன், எந்த ஊருக்கு சேவையோ அந்த ஊர்க்காரி முடிவெடுக்குற இடத்துல இருக்கணும்.

ரெண்டாவது அர்த்தம் அதிகாரம். 2023ல ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு, ஈ-மோட்டிவ்னு, கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாலு நாட்டுல 80 ஆஸ்பத்திரியில ரெண்டு லட்சத்துக்கு மேல பிரசவம். பிள்ளை பொறந்ததும் இடுப்புக்குக் கீழ அளவுகோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, ரத்தம் அதுல சேரும், எவ்வளவு போச்சுன்னு கண்ணால மதிப்பிடாம அளந்து பார்க்கலாம். அளவு தாண்டுன உடனே கர்ப்பப்பைய தடவிக் கொடுக்குறது, கர்ப்பப்பைய சுருங்க வைக்கிற ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கக் குறைக்கிற ட்ரனெக்ஸாமிக் ஆசிட், சலைன், எங்க கிழிஞ்சிருக்குன்னு பார்க்குறது, எல்லாத்தையும் ஒண்ணு ஒண்ணா காத்திருக்காம ஒரே மூச்சுல செய்யணும். கடுமையான ரத்தப்போக்கு, அதுக்கான ஆபரேஷன், இல்ல அதால சாவு, இதெல்லாம் சேர்த்து 60 சதவீதம் குறைஞ்சுது. இதுல இருக்குற மருந்து எதுவும் புதுசு இல்ல. புதுசு என்னன்னா பக்கத்துல நிக்குற மிட்வைஃப் டாக்டர் போன் எடுக்குற வரைக்கும் காத்திருக்காம ஆரம்பிக்கலாம்ங்குற அனுமதி. நம்ம நாட்டுலயும் ஏ.என்.எம், ஸ்டாஃப் நர்ஸ் ரெண்டு பேருக்கும் பிரசவப் பயிற்சி கொடுத்து, ஃபிட்ஸ் வந்தா மெக்னீசியம் சல்ஃபேட் முதல் டோஸ் அவங்களே போடலாம், ரத்தப்போக்குக்கு மருந்து அவங்களே கொடுக்கலாம்னு மத்திய அரசு எப்பவோ அனுமதி கொடுத்தாச்சு. எத்தனை பி.எச்.சில சிஸ்டர் அதை பயமில்லாம செய்யுறாங்க, செஞ்சா பின்னாடி நிக்க எத்தனை மெடிக்கல் ஆபிசர் இருக்காங்கங்குறதுதான் கேள்வி.

தாய் இறப்பு ஆய்வு இன்னொரு இடம். தமிழ்நாடு இதுல நாட்டுக்கே முன்னோடி, ஒவ்வொரு தாய் இறப்பையும் கணக்குல எடுத்து, வீட்டுக்குப் போய் விசாரிச்சு, மாவட்டத்துல கலெக்டர் முன்னாடி வெச்சு அலசுறாங்க, இறப்பு குறைஞ்சதுல இதுக்குப் பெரிய பங்கு இருக்கு. ஆனா அந்தக் கூட்டத்துல வி.எச்.என் உக்காந்திருக்குற இடத்தக் கவனிச்சா வருத்தமா இருக்கும், பதில் சொல்ற இடம்தான், கேள்வி கேக்குற இடம் இல்ல. அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல பத்து தடவை போய் நின்னவங்க அவங்க. எந்தத் தேதியில பஸ் இல்ல, எந்த ஆஸ்பத்திரி திருப்பி அனுப்புச்சு, புருஷன் எங்க வேலைக்குப் போயிருந்தான், எல்லாம் தெரிஞ்சவங்க. மாவட்டத்துக்கு ரெண்டு அனுபவப்பட்ட வி.எச்.என்னையும் லேபர் வார்டு சிஸ்டரையும் ஆய்வுக் குழு உறுப்பினரா போட்டா செலவு ஒண்ணும் கிடையாது.

உலக அளவுலயும் இதே குறைதான். 2021ல ஐ.நா மக்கள்தொகை நிதியமும் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச மிட்வைஃப் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை 9 லட்சம் மிட்வைஃப் பற்றாக்குறைன்னு சொல்லுச்சு, தகவல் கொடுத்த நாடுகள்ல பாதியிலதான் சுகாதார அமைச்சகத்துல மிட்வைஃப் தலைவர் ஒருத்தர் இருக்காங்கன்னும் சொல்லுச்சு. இங்கிலாந்துலயே முதல் தலைமை மிட்வைஃபரி அதிகாரியா ஜாக்குலின் டங்க்லி-பென்ட் வந்தது 2019லதான். ஆனா அங்க வார்டுலருந்து ஏறிப் போற வழி தெளிவா இருக்கு, கன்சல்டன்ட் மிட்வைஃப் ஆனவங்க வாரத்துல சில நாள் பிரசவமும் பார்ப்பாங்க, மீதி நாள் கொள்கையும் பயிற்சியும் பார்ப்பாங்க. நியூசிலாந்துல 1990 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் மிட்வைஃப் டாக்டர் மேற்பார்வை இல்லாம தானே பொறுப்பெடுத்துப் பார்க்கலாம், கிராமப்புறத்துல பல பொண்ணுங்களுக்கு அவங்கதான் முதல் ஆள். இங்கருந்து இங்கிலாந்து போற நம்ம சிஸ்டர்ங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், அங்க நர்ஸ் பதிவும் மிட்வைஃப் பதிவும் தனித்தனி, தேர்வும் தனி, நம்ம ஆர்.எம் அங்க தானா செல்லுபடி ஆகாது. லேபர் வார்டுல பத்து வருஷம் நின்னவங்க அங்க போய் வயசானவங்க வார்டுல சேருறது இதனாலதான்.

இந்தியாவுல 2023ல வந்த தேசிய செவிலியர் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டம், 1947 சட்டத்துக்குப் பதிலா வந்தது, பேருலயே மிட்வைஃபரிய சேர்த்திருக்கு. இதோட விதிகளும் மாநில ஆணையங்களும் அமையுற இந்த நேரத்துலதான் கேக்க வேண்டியதக் கேக்கணும். முதல்ல என்.பி.எம் முடிச்சவங்கள வேற வார்டுக்கு மாத்தக் கூடாதுன்னு எழுத்துல வேணும். 18 மாசம் பயிற்சி கொடுத்து அதே ஸ்டாஃப் நர்ஸ் சம்பளத்துல அதே ரோஸ்டர்ல போட்டா யார் வருவாங்க, அதனால தனிப் பதவி, தனி சம்பளப் படி வேணும். அப்புறம் ஏ.என்.எம் படிச்ச வி.எச்.என்னுக்கு இந்த வழியில கதவு இப்ப மூடியே இருக்கு, ஜி.என்.எம் இல்ல பி.எஸ்சி இருந்தாத்தான் என்.பி.எம். கிராமத்த முழுசா தெரிஞ்ச ஆள் வெளிய நிக்க, தெரியாத ஆளுக்குப் பயிற்சி கொடுக்குறதுல என்ன பிரயோஜனம். சர்வீஸ்ல இருக்குற வி.எச்.என்னுக்கு சம்பளத்தோட படிக்க ஒரு இணைப்புப் படிப்பு, அது முடிச்சா மிட்வைஃபரி பக்கம் ஏறலாம்னு ஒரு வழி, இதுதான் கிராமத்துக்கு உடனடியா பலன் கொடுக்கும்னு நான் உறுதியா நினைக்கிறேன். மாவட்டத்துல தாய் சேய் நல அலுவலர் நாற்காலிக்கும் ரிப்போர்ட் வாங்குற அதிகாரம் மட்டும் பத்தாது, லேபர் வார்டு ரோஸ்டர் போடுறது, யாருக்குப் பயிற்சின்னு தீர்மானிக்கிறது, மருந்து இருப்பு, இதுல கையெழுத்து உரிமை வேணும்.

இப்ப சேரலாமா வேணாமான்னு யோசிக்கிற பொண்ணுக்கு ஒண்ணு சொல்றேன். வெறும் வேலை வேணும்னா ஏ.என்.எம் போதும், ஆனா வீட்டுல கொஞ்சம் தாக்குப் பிடிக்க முடியும்னா ஜி.என்.எம் இல்ல பி.எஸ்சி எடுங்க, ஏன்னா இன்னைக்கு விதிப்படி மிட்வைஃபரியில மேல போற எல்லாக் கதவும் அதுக்கு அப்புறம்தான் திறக்குது. பி.எஸ்சிக்கு அப்புறம் மகப்பேறு நர்ஸிங்ல எம்.எஸ்சி பண்ணா கற்பிக்கிற பக்கம் போகலாம், என்.பி.எம் பயிற்சி மையங்களுக்கு மிட்வைஃபரி ஆசிரியர்கள் நாடு முழுக்கத் தேவைப்படுறாங்க. துணை சுகாதார நிலையத்துல இடைநிலை சுகாதாரப் பணியாளரா போறவங்களுக்கு சர்க்கரை, பி.பி வேலைதான் அதிகம், பிரசவம்தான் விருப்பம்னா அது தெரிஞ்சே சேருங்க.

ஏற்கனவே லேபர் வார்டுல இருக்குற சிஸ்டர்ங்க இன்னைக்கே ஒரு நோட்டு போடலாம். தாய் பேரோ அடையாளமோ இல்லாம, தேதி, எத்தனையாவது பிரசவம், பார்டோகிராஃப்ல (பிரசவம் எப்படி நகருதுன்னு குறிக்கிற வரைபடம்) என்ன தெரிஞ்சுது, ரத்தம் எவ்வளவு போச்சு, என்ன மருந்து எப்ப கொடுத்தீங்க, எதுக்கு ரெஃபர் பண்ணீங்க, அங்க போய் என்னாச்சுன்னு. என்.பி.எம்முக்கு விண்ணப்பிக்கும்போது பிரசவ அனுபவத்த வாயால சொல்றதுக்கும் நோட்ட எடுத்துக் காட்டுறதுக்கும் வித்தியாசம் இருக்கு, நாளைக்கு ஒரு கேஸ்ல கேள்வி வந்தாலும் உங்க பக்கம் பேசுறது அந்த நோட்டுதான். வி.எச்.என்களும் இதைச் செய்யலாம், வீட்டு விசிட்டுல நீங்க கண்டுபிடிச்ச ஹை ரிஸ்க் எது, நீங்க போகலன்னா என்ன ஆகியிருக்கும்னு. அதை நீங்கதான் எழுதி வெச்சுக்கணும்.